ஆமைக்கு வெயில் காட்டுங்கள்

ஆமை வளர்க்க ஆசைப்படுகிற நேயர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் கால்நடை மருத்துவர். நாய், பூனைகளுக்கு நடுவே ஆமைகளும் என்னிடம் வரும். அவை வந்தால் எனக்கு அன்றைக்குக் கொண்டாட்டம்தான்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முதுகில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட நட்சத்திர ஆமையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. நம் குளத்து ஆமைகளும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. ‘வயல்ல கெடச்சுது சார்’ என்பதெல்லாம் வனத்துறையிடம் எடுபடாது.

வண்ணமீன் கடைகளில் விற்பது வேறு ஜாதி. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, பச்சை உடம்பு. மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்திலிருந்து உலகமெல்லாம் பரவியது. வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். பெண் ஆமையானால் ஓர் அடி நீளம்கூட வளரும்; நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருஷம் இருக்கும். கேட்டு அடம்பிடித்த பிள்ளைக்கே அதற்குள் கல்யாணம் ஆகிவிடும், யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்குப் பிடித்த விஷயம்: ஓடு. ஆமை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவது கார்ட்டூனில் மட்டும்தான். அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்தே ஓடாகியிருக்கின்றன. நமக்குத் தோள்பட்டை எலும்பு விலாவுக்கு வெளியே; ஆமைக்கோ உள்ளே! விரலால் மெல்லத் தடவினாலும் அதற்குத் தெரியும். எலும்பு என்றால் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அந்தச் சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும்.

ஒரு குடும்பம் தயிர் வாளியில் ஆமையைக் கொண்டுவந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், ஓடு நமுத்த அப்பளமாக உள்ளே போனது. ‘ஜன்னல் ஓரமாத்தான் டாக்டர் தொட்டி இருக்கு, நல்ல வெளிச்சம்’ என்றார் அந்த அம்மா. கண்ணாடி வழியே வெளிச்சம் வரும். வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிர் வராது. பாவம், அது தன் ஓட்டிலிருந்தே சுண்ணாம்பைக் கரைத்துக் காலம் தள்ளியிருக்கிறது. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு அப்பவே சொன்னேன்’ என்று கூட வந்த பாட்டி முணுமுணுத்தார். ஆனால் மருந்தோடு நான் எழுதிக்கொடுத்த காலை வெயிலைத் தவறாமல் காட்டியது அந்தப் பாட்டிதான். முறுக்குப் பிழிகிற நேரத்திலும் பக்கத்தில் வாளி இருந்ததாம்! சில மாதம் கழித்து வந்தபோது ஓடு விரலுக்கு அசையவில்லை.

வெயில் என்றதும் மொட்டை மாடியில் உச்சிப் பொழுதில் வைத்துவிடாதீர்கள். தண்ணீர் சூடேறி ஆமை செத்துப்போகும். காலை வெயில் போதும், பாதி இடம் நிழலாக இருக்கட்டும். வெயில் எட்டாத அடுக்குமாடி வீடா? புறஊதா பல்பு போடலாம். பல்பு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் வற்றிவிடும். அதனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மாற்றிவிடுங்கள். நீந்தியது ஏறி உட்கார்ந்து முதுகு காய ஒரு கல்லும் தொட்டியில் வேண்டும்.

நேரம் ஆகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். சோறும் பாலும் வேண்டாம். ஆமைத் தீவனத்தோடு நீர்ச்செடி கொடுங்கள். தொட்டித் தண்ணீர் நாறும்வரை காத்திருக்காதீர்கள். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமிக்குப் பயந்துதான் அமெரிக்காவில் 1975லேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கக்கூடாதென்று தடுத்தார்கள். அலுத்துப்போனால் கோயில் குளத்தில் மட்டும் விடாதீர்கள், நம் ஆமைகளின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ‘ஒண்ணும் இல்ல டாக்டர், ஓட்டைக் காட்டலாம்னு வந்தோம்’ என்று உங்களில் யாராவது என் வாசலுக்கு வந்தால் சந்தோஷப்படுவேன்.