கடைமடைக்கும் மருந்து



மேட்டூரில் நீரைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. கடைமடை வயலை அது எட்டவேண்டும். தஞ்சைத் தரணியில் இதனை அறியாதார் இலர். மருந்தைப் பற்றி இன்று நான் சொல்லப்புகுவதும் இதுவே.

1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவினார். அங்குக் கையாண்ட முறைகளைத் தமிழ்ச் செய்யுளாக எழுதிவைக்கச் செய்தார். அவற்றுள் நீரிழிவுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆகவே இந்நோய் நமக்குப் புதிதன்று.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஒரு வார மருந்தில் தீர்வன அல்ல. வாழ்நாள் முழுதும் உடன் வருவன. வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் உழவுத் தொழிலாளி ஒருவரைக் கண்டேன். அறுவடைக் காலத்தில் நாள்தோறும் மாத்திரை உண்டவர், வேலையற்ற கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டார். காரணம் கேட்டேன். "வலி ஒன்றும் தெரியவில்லையே, ஐயா" என்றார். வலி தோன்றாமலே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குவதன்றோ கொதிப்பின் கொடுமை! அடுத்த கோடைக்குள் பக்கவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது.

மருந்தின் விலை எதனால் ஏறுகிறது? தனியுரிமை ஒரு காரணம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு உரிமை தராது, செய்முறைக்கே தந்தது. வேறு முறையில் அதே மருந்தை நம்மவர் செய்தனர், விலை தாழ்ந்தது. 2005இல் பொருளுரிமை மீண்டும் வந்தது. எனினும் மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்ற பழைய மருந்துகளுக்கு இன்று எவருடைய தனியுரிமையும் இல்லை. அவற்றின் விலையை ஏற்றுவது பெரும்பாலும் வணிகப் பெயரே.

இதனை உணர்ந்து 1994இல் தோன்றியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநில அரசு மருத்துவமனைகளின் தேவையை ஒன்றுதிரட்டி, வணிகப் பெயரால் அன்றி மருந்துப் பெயராலேயே ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. மாதிரிகளைச் சோதித்த பின்னரே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது; சோதிப்பதால் நம்பிக்கை நிலைக்கிறது.

ஆயினும் மருத்துவமனைக்குச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க வேண்டுமெனில், இலவச மருந்தும் விலையுள்ளதே! 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இம்மருந்துகளை வீட்டு வாயிலுக்கே கொணர்ந்தது. வாய்க்கால் அப்போதுதான் கடைமடையை நோக்கித் திரும்பியது.

எஞ்சிய பணி உங்களுடையது. உங்கள் இல்லத்து முதியோரிடம் இன்றே கேளுங்கள்: "மாத்திரையை நாள் தவறாமல் உண்கிறீர்களா?" விலைக்கு அஞ்சி எவரேனும் குறைத்து உண்பதாகச் சொன்னால், அவரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நீர் பாயாத வயல் வாடுவது கண்ணுக்குத் தெரியும். மருந்து எட்டாத உடல் வாடுவதோ, காலம் கடந்த பின்னரே தெரியும்.