சிறகுக்கு ஓர் எல்லை: ஆஸ்திரேலியச் சிற்றூர்களின் விமான நிறுவனம் ஒன்று வளர்ந்த வரலாறு

(பர்யூஷண விழாவின் மாலை அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இல்லறத்தார்க்கு உரிய விரதங்களுள் திக்விரதம் என்று ஒன்று உண்டு. கிழக்கே இந்த ஆறு வரை, மேற்கே இந்த மலை வரை, தெற்கே இந்தக் கடல் வரை என்று திசைதோறும் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு அப்பால் பொருள் தேடிச் செல்வதில்லை என்று உறுதி பூணுவது அது. சொல்வதற்கு எளிது. வாணிபத்தில் இருப்போர்க்கு அதனினும் கடினமான விரதம் வேறு இல்லை. பணம் ஈட்டாதவனுக்கு எல்லை தானே அமைந்துவிடும். ஈட்டத் தொடங்கியவனுக்கே எல்லை ஒரு கேள்வியாகிறது. இந்தப் பொழுதில் சொல்லப்படும் வரலாறு சமணரைப் பற்றியதன்று, பாரதத்தைப் பற்றியதுமன்று. ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களுக்குப் பறக்கும் 'ரெக்ஸ்' என்னும் ரீஜனல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் வரலாறு அது.

முதலில் அந்நாட்டின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். மக்கள் பெரும்பாலும் கடற்கரையோரம் உள்ள சில மாநகரங்களில் நெருங்கி வாழ்கின்றனர். உள்நாடு விரிந்து கிடக்கிறது. பிரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. அதன் தலைநகரான சிட்னியோ சாலை வழியே 1,100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பக்கத்து மாநிலத் தலைநகரான அடிலெய்டு அதில் பாதித் தொலைவுதான். ஆகவே அவ்வூரார் தம் கடிகாரத்தையே பக்கத்து மாநில நேரத்திற்கு வைத்துக்கொண்டுள்ளனர். இத்தகைய ஊர்களில் வாழும் ஒருவர்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், சிறப்பு மருத்துவரைக் காணப் பெருநகர்க்கே செல்ல வேண்டும். விமானம் இருந்தால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். இல்லையேல் நாள் முழுதும் காரிலோ பேருந்திலோ கிடந்து, அங்கே அறை எடுத்துத் தங்கி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ திரும்ப வேண்டும். அங்கே சிறு விமானம் ஆடம்பரப் பொருள் அன்று.

ரெக்ஸ் நிறுவனத்திற்கு இரண்டு தாய்கள். ஒன்று ஹேசல்டன், மற்றொன்று கெண்டல். மேக்ஸ் ஹேசல்டன் என்பவர் 1953ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸின் டூகாங் என்னும் சிற்றூரில் ஒரே ஓர் 'ஆஸ்டர்' விமானத்துடன் தொழிலைத் தொடங்கினார். மறு ஆண்டே அவருடைய விமானம் மலைக்காட்டில் விழுந்து நொறுங்கியது. தேடியவர்கள் நம்பிக்கை இழந்த நிலையில், ஆறு நாள் காட்டு வழியே நடந்து உயிருடன் வெளியே வந்தார்; வந்து மீண்டும் விமானத்தில் ஏறினார். அவருடைய தொடக்க காலத் தொழில் வயல்களுக்கு வானிலிருந்து உரம் தூவுவதும் பூச்சிமருந்து தெளிப்பதும் ஆகும். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் இவ்விடத்தில் சற்றே முகம் சுளிக்கலாம்; சுளிப்பது நியாயமே. ஆயினும் நடந்ததை நடந்தவாறே சொல்லுதல் வேண்டும். பின்னர் எழுபதுகளில் அவர் பயணியரை ஏற்றிச் செல்லும் பணிக்குத் திரும்பினார்.

கெண்டல் நிறுவனம் வாகா வாகா என்னும் நகரைச் சேர்ந்தது. டான் கெண்டல் என்னும் விமானி 1967இல் சிறிய அளவில் தொடங்கி, எழுபதுகளின் தொடக்கத்தில் அந்நகருக்கும் மெல்போர்னுக்கும் இடையே முறையான பயணங்களை நடத்தலானார். இருவரும் கிராமப்புறத்தின் தேவையை உள்ளங்கை நெல்லிக்கனியாய் அறிந்தவர்கள். எந்த ஊரில் எந்தக் கிழமையில் சந்தை, எந்த மாதத்தில் அறுவடை, எந்த மருத்துவர் எந்நாளில் வருவார் என்பவற்றை அறிந்தே அவர்களுடைய கால அட்டவணை அமைந்தது. காலப்போக்கில் இரு நிறுவனங்களும் ஆன்செட் என்னும் பெருநிறுவனத்தின் குடைக்கீழ்ச் சென்றன.

ஆன்செட் 1936 முதல் பறந்து வந்தது. சுமார் 16,000 பேர் அதில் பணியாற்றினர். 2001 செப்டம்பரில் அது சில நாட்களுக்குள் சரிந்து வீழ்ந்தது. பெருமரம் சாயும்போது அதன் நிழலில் நின்ற செடிகளும் நசுங்கும் அல்லவா? கெண்டலும் ஹேசல்டனும் தம் பிழையால் அன்றி, தாம் சார்ந்தவரின் கடனால் தத்தளித்தன. பல ஊர்களுக்கு விமானமே வராத நாட்கள் உண்டாயின. முன்னர் ஆன்செட்டில் பணிபுரிந்த சிலரும் சிங்கப்பூர் முதலீட்டாளர்களும் சேர்ந்து இவ்விரண்டையும் வாங்கி இணைத்தனர். 2002ஆம் ஆண்டில் ரெக்ஸ் பிறந்தது இவ்வாறே.

முதல் ஆண்டு நட்டத்தில் கழிந்தது. 2003இல் சிங்கப்பூரைச் சேர்ந்த லிம் கிம் ஹாய் தலைவர் பொறுப்பை ஏற்றார். அவர் விமானத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். பொறியியல் பயின்றவர், வணிகர். அவர் காலத்தில் செலவு ஒவ்வொரு காசாக எண்ணப்பட்டது. கட்டணம் குறைக்கப்பட்டது, இருக்கைகள் நிறைந்தன. 2005இல் நிறுவனத்தின் பங்குகள் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தைக்கு வந்தன. கொரோனாவுக்கு முன்பு வரை பல ஆண்டுகள் தொடர்ந்து லாபம் கண்ட நிறுவனம் அது. பெரிய நிறுவனங்கள் பல தடுமாறிய காலத்தில் அது சாதாரணச் செயல் அன்று.

அந்த வெற்றியின் சூட்சுமம் எங்கே இருந்தது என்பதை வணிகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அது ஒரே வகை விமானத்தில் இருந்தது. ஸ்வீடன் நாட்டில் செய்யப்பட்ட சாப் 340 என்னும் விமானம். இரண்டு புரொப்பெல்லர்கள், 34 இருக்கைகள். எல்லா விமானிகளும் ஒரே வகையில் பயிற்சி பெற்றால் போதும். எல்லாப் பழுதுபார்ப்போரும் ஒரே இயந்திரத்தைக் கற்றால் போதும். உதிரிபாகக் கிடங்கும் ஒன்றே. இவ்வளவு சிறிய விமானத்திற்குப் பெருநகர விமான நிலையங்களில் உள்ளது போன்ற பயணியர் சோதனைக் கருவிகள் கட்டாயமில்லை. ஆதலால் சிற்றூர் நகரசபைகளும் தம் நிலையத்தைக் குறைந்த செலவில் நடத்த முடிந்தது. ஐம்பது இருக்கை கொண்ட விமானத்தைக் கொண்டுவந்தால் பாதி காலியாகப் பறக்கும். பத்து இருக்கை விமானமாயின் கட்டணம் எட்டாத உயரத்திற்குப் போகும். முப்பத்து நான்கு என்பது அந்த ஊர்களின் அளவுக்கே தைத்த சட்டை போன்று பொருந்திற்று.

விமானிகள் பெருநிறுவனங்களுக்கு ஓடிப்போவது எல்லாச் சிறு நிறுவனங்களுக்கும் உள்ள நோய். ரெக்ஸ் அதற்குத் தானே ஒரு பயிற்சிக் கழகத்தை நிறுவி, வாகா வாகாவில் இளைஞர்களை விமானிகளாக்கியது. பெல் ஏர் என்னும் நிறுவனத்தை வாங்கி, நோயாளிகளை ஏற்றிச் செல்லும் பணியிலும் இறங்கியது. அரசு மானியத்துடன் நடக்கும் குவீன்ஸ்லாந்தின் மேற்குப் பாலைவழித் தடங்களை 2015 முதல் ஏற்றது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து ஆல்பனிக்கும் எஸ்பெரன்சுக்கும் பறந்தது. இவையெல்லாம் வளர்ச்சியே. ஆயினும் அனைத்தும் தனக்குத் தெரிந்த திசைக்குள் நிகழ்ந்த வளர்ச்சி.

இடர்களும் இருந்தன. 2009இல் பெல் ஏரின் மருத்துவ விமானம் ஒன்று நார்ஃபோக் தீவருகே மோசமான வானிலையில் தரையிறங்க இயலாமல் இரவில் கடலில் இறங்கியது. அறுவரும் உயிர் தப்பினர். 2017 மார்ச் 17 அன்று ஆல்பரியிலிருந்து சிட்னிக்கு வந்துகொண்டிருந்த சாப் விமானத்தின் வலப்புறப் புரொப்பெல்லர் நடுவானில் முழுதாகக் கழன்று விழுந்தது. பதினாறு பயணியர், மூவர் பணியாளர். மற்றோர் இயந்திரத்தைக் கொண்டே விமானிகள் பத்திரமாகத் தரையிறக்கினர். கழன்ற புரொப்பெல்லர் சிட்னியின் புறநகர்க் காட்டில் கண்டெடுக்கப்பட்டது. அது எவர் தலையிலும் விழாதது நல்வினைப் பயன் என்றே சொல்ல வேண்டும். தண்டில் உலோகச் சோர்வால் உண்டான விரிசலே காரணம் என்று ஆய்வு கண்டது. அந்நிகழ்ச்சி வேறோர் உண்மையையும் நினைவூட்டியது. சாப் 340 விமானத்தின் உற்பத்தி 1999இலேயே நின்றுவிட்டது. அதே அளவில் அதற்கு மாற்றாகப் புதிய விமானத்தை எவரும் செய்து தரவில்லை. இருப்பவற்றைப் பேணுவதற்கே ஆண்டுதோறும் செலவு ஏறிக்கொண்டிருந்தது.

பின்னர் 2020 வந்தது. கொரோனாவால் வானம் வெறிச்சோடிற்று. ஆஸ்திரேலியாவின் இரண்டாவது பெரிய நிறுவனமான வெர்ஜின் ஆஸ்திரேலியா அவ்வாண்டு ஏப்ரலில் கடன் நிர்வாகிகளின் கைக்குச் சென்றது. அதன் ஜெட் விமானங்கள் பல குத்தகைக்காரர்களிடம் திரும்பின. குறைந்த வாடகைக்கு ஜெட் விமானங்கள், வேலை இழந்து நிற்கும் தேர்ந்த விமானிகள், தளர்ந்து கிடக்கும் போட்டியாளர். வணிகக் கண்ணுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்குமா? ஆசியாவில் இயங்கும் முதலீட்டு நிறுவனமான பி.ஏ.ஜி. 15 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை தர முன்வந்தது. 2021 மார்ச் 1 அன்று ரெக்ஸின் போயிங் 737 மெல்போர்னிலிருந்து சிட்னிக்குப் பறந்தது. 176 இருக்கைகள், சாப் விமானத்தைப் போல் ஐந்து மடங்கு.

அந்த முடிவைப் பேராசை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது முறையன்று. சிற்றூர்த் தடங்களில் குவாண்டஸ் நிறுவனமும் அக்காலத்தில் நுழையலாயிற்று. பழைய சாப் விமானங்கள் நெடுங்காலம் தாங்கமாட்டா. ஒரே தொழிலில் அடைந்து கிடப்பதும் ஆபத்தே. கணக்குப் பார்த்தவர்களின் கணக்கு மூடத்தனமானதன்று. ஆனால் சிட்னி, மெல்போர்ன் தடம் உலகின் மிக நெருக்கடியான விமானத் தடங்களுள் ஒன்று. அங்கே மணிக்கொரு விமானம் விடுபவனுக்கே அலுவலகப் பயணி வருவான். நாளைக்குச் சில விமானம் விடுபவனுக்கு விலை குறைத்தால்தான் ஆள் கிடைக்கும். விலை குறைத்தால் எரிபொருளுக்கும் வாடகைக்கும் போதாது. சிற்றூரில் ரெக்ஸ் ஒன்றே வண்டி. மாநகரில் அது மூன்றாவது வண்டி.

இதே காலத்தில் சிற்றூர்ச் சேவை மெலியத் தொடங்கிற்று. அரசின் கொரோனாக் கால உதவி 2022 நடுவில் முடிந்தபோது பாதர்ஸ்ட், கிராஃப்டன், லிஸ்மோர் முதலிய ஊர்களை ரெக்ஸ் கைவிட்டது. விமானிகளும் பொறியாளர்களும் போதவில்லை. உதிரிபாகம் இன்றிப் பல சாப் விமானங்கள் கொட்டகையிலும் திறந்த வெளியிலும் நின்றன. அட்டவணையில் இருந்தும் வராத விமானத்திற்காகக் காத்திருந்தவர்களுள் மருத்துவரைக் காணச் செல்வோரும் இருந்தனர். ஜெட் விமானங்களால்தான் இவை நேர்ந்தன என்று முழுதும் கூறிவிட இயலாது. விமானிப் பஞ்சம் உலகெங்கும் இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தில் வருவாய் குன்றிய காலத்தில் புதிதாய் மாளிகை எழுப்பத் தொடங்கினால் பழைய வீட்டின் ஓட்டைக் கூரையை யார் மாற்றுவர்?

2024 ஜூனில் லிம் கிம் ஹாயை இயக்குநர் குழு நிர்வாகத் தலைவர் பொறுப்பிலிருந்து மாற்றியது. ஜூலை 30 அன்று நிறுவனம் கடன் நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கடன் சுமார் 50 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஜெட் விமானங்கள் உடனே நிறுத்தப்பட்டன. அறுநூறு பேர் அளவில் வேலை இழந்தனர்.

அன்று காலையும் சாப் விமானங்கள் பறந்தன. அதுவே இவ்வரலாற்றில் மிகவும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. கடன் கொடுத்தோரும் அரசும் முதலில் காக்க முயன்றது மூன்றாண்டு வயதுடைய பெருநகரத் தடங்களை அன்று. ஐம்பது ஆண்டுகளாக எவரும் பெரிதாய்ப் பேசாத சிற்றூர்த் தடங்களையே. சிற்றூர்ப் பயணியரின் முன்பதிவுகளுக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. 8 கோடி டாலர் வரை கடன் தந்தது. 2025 ஜனவரியில், முதலீட்டு நிறுவனத்திற்கு ரெக்ஸ் தர வேண்டியிருந்த 5 கோடி டாலர் கடனைத் தானே வாங்கிக்கொண்டது. வாங்குவோர் எவரும் வாராவிடில் நிறுவனத்தைத் தானே வாங்குவது பற்றியும் ஆராயத் தலைப்பட்டது. சந்தையின் வழியே நடக்கட்டும் என்று பொதுவாக ஒதுங்கி நிற்கும் அரசு இவ்வளவு தூரம் இறங்கி வந்ததற்குக் காரணம், அந்தச் சிற்றூர்களுக்கு வேறு வழி இல்லை என்பதுதான்.

2025 அக்டோபரில் அமெரிக்காவின் ஏர் டி என்னும் நிறுவனம் ரெக்ஸை வாங்க உடன்பட்டது. சரக்கு விமானப் பணியும், பழைய விமானங்களின் இயந்திரங்களையும் பாகங்களையும் வாங்கி விற்பதும் அதன் தொழில்களுள் அடங்கும். நின்றுபோன சாப் விமானங்களை ஒவ்வொன்றாக மீண்டும் வானில் ஏற்றுவதும், சிற்றூர்ச் சேவையைத் தொடர்வதும் அவ்வுடன்பாட்டின் உட்பொருள். வாகா வாகாவின் பணிமனையில் இயந்திரத்திற்காகக் காத்திருக்கும் அந்த விமானங்களில் இருக்கைகள் இன்றும் முப்பத்து நான்குதான்.