மூன்று வயதுக்குள் இழைக்கப்படும் அநீதி



பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை தோற்றால் வாத்தியாரைத் திட்டுகிறோம், பிள்ளையைத் திட்டுகிறோம். சிலர் இடஒதுக்கீட்டையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே அந்தப் பிள்ளை தோற்கடிக்கப்பட்டுவிட்டது என்பதை யாரும் பேசுவதில்லை. மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி மூன்று வயதுக்குள் நடந்துவிடுகிறது. அந்த மூன்று வருடமும் குழந்தைக்கு வயிறாரச் சாப்பாடு வேண்டும்; தூக்கிவைத்துப் பேச்சுக் கொடுக்க ஓர் ஆளும் வேண்டும். காசில்லாத வீட்டில் இரண்டுக்கும் தட்டுப்பாடு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆக ஏழையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் இது 46 சதவீதம். ஆக வசதியான ஐந்தில் ஒரு பங்கில் 23. தமிழ்நாட்டின் கணக்கு 25. பரவாயில்லை என்று சொல்லலாம். ஆனால் இதே தமிழ்நாட்டில் 57 சதவீதக் குழந்தைகளுக்கு ரத்தசோகை. சத்துணவில் நாட்டுக்கே வழிகாட்டினோம் என்று மார்தட்டுகிற நாம் இந்த எண்ணுக்கு முன்னால் தலைகுனியத்தான் வேண்டும்.

"எங்கள் பாட்டி கூழைக் குடித்தே பத்துப் பிள்ளை வளர்த்தாள், இந்தக் காலத்துப் பெற்றோருக்குப் பொறுப்பில்லை" என்று ஒரு வாதம் கிளம்பும். பத்தில் எத்தனை தங்கியது என்று அந்தப் பாட்டியிடம் கேட்டிருக்க வேண்டும். 1950-களில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு வயதைத் தாண்டவில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணி வறுமைக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். பொறுப்பு என்கிறீர்களே, ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கம்பிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் பழைய சேலையில் தூளி தொங்கும். ஆட்டிவிடுவது ஏழெட்டு வயது அக்கா. அவள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. அழுதால் டீயில் நனைத்த ரஸ்க். தாய் இருபதடி உயரத்தில் சாந்துச் சட்டியோடு நிற்கிறாள். இறங்கிவந்து பால் கொடுத்தால் மேஸ்திரி முகம் மாறும், நாளைக்கு வேலை இருக்காது. அவளுக்குப் பாசத்தில் குறைவில்லை, நேரம் இல்லை. அந்த நேரத்தைத்தான் கூலியாக விலைபேசி வாங்கியிருக்கிறோம்.

"சோறு போடுகிறோமே, போதாதா?" என்பார்கள். சோறு வேண்டும்; அதில் ஒரு கவளமும் குறையக்கூடாது. ஆனால் ஜமைக்காவைப் பாருங்கள். 1980-களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்தார்கள். ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதாரப் பணிப்பெண் வந்து, தூக்கி எறியும் பொருட்களில் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தாள். இரண்டே வருடம். இருபது வருடம் கழித்து, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் சத்துணவு மட்டும் பெற்ற குழந்தைகளிடம் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. நம் அங்கன்வாடித் திட்டம் 1975-இல் வந்தது, ஐம்பது வருடமாகிறது. இன்றும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதில் கிடைப்பது பெரும்பாலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுப் பாக்கெட். மாவைக் கரைத்து ஊட்ட நேரமில்லாதவளிடம் பாக்கெட்டைக் கொடுத்துக் கடமை முடிந்தது என்கிறோம்.

"காசுக்கு எங்கே போவது?" என்பது கடைசி வாதம். 2017-இல் சட்டத்தைத் திருத்தி 26 வாரச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கொடுத்தார்களே, அது யாருக்கு? மாதச் சம்பளக்காரிக்கு. அவளுக்கென்றால் வழி பிறந்ததே. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றதும் அதே திருத்தம்தான். வயலில், சூளையில், சித்தாள் வேலையில் இருப்பவளும் பிள்ளைதானே பெறுகிறாள்? நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் வருடச் சட்டம், ஐந்து குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. எத்தனை ஏரிக்கரையில் அது நடந்தது? ஆகவே கேட்கிறோம்: கூலிக்காரப் பெண்ணுக்கும் ஆறு மாதக் கூலியோடு பிரசவ ஓய்வு. வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம், செலவு ஒப்பந்தக்காரருடையது. அம்மா வேலை முடிந்து வரும்வரை திறந்திருக்கும் பால்வாடி. அதற்குக் கூடுதல் ஆள், அந்த ஆளுக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் பிச்சைக்காசு இல்லாமல் முறையான சம்பளம். வருகிற பட்ஜெட்டில் இவற்றுக்குத் தொகை ஒதுக்காமல் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு யாரும் வர வேண்டாம்.