இரவலா, வாடகையா? வகுப்பறையில் ஒரு வணிக விளையாட்டு



மொழியியல் பயின்ற நமக்கு வணிகத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். பொருள் கைமாறுவதற்கு முன் சொல் கைமாறுகிறது. அந்தச் சொல்லைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

பன்னாட்டு வணிகத்தைக் கற்பிப்பதற்காகப் பிரிட்டனின் கிறிஸ்டியன் எய்டு என்னும் அறநிறுவனம் வெளியிட்ட விளையாட்டு ஒன்று உண்டு. மாணவர்கள் குழுக்களாகப் பிரிவர். ஒவ்வொரு குழுவும் ஒரு நாடு. ஒரு நாட்டின் உறையில் கத்தரிக்கோல், அளவுகோல், கவராயம், பணத்தாள்கள் எல்லாம் இருக்கும். வெட்டுவதற்குத் தாள் மட்டும் போதாது. மற்றொரு நாட்டிடம் தாள் நிறைய இருக்கும். கருவி ஒன்றும் இராது. வட்டம், முக்கோணம் முதலிய வடிவங்களைக் குறித்த அளவில் வெட்டி, ஆசிரியர் நடத்தும் வங்கியில் விற்க வேண்டும். மிகுதியாகப் பணம் ஈட்டிய நாடு வெல்லும்.

உயர்நிலை மூன்றாம் ஆண்டுத் தமிழ் வகுப்பொன்றில் இதை நடத்திப் பார்த்தோம். பேரம் தமிழிலேயே நடைபெற வேண்டும் என்பது நாம் சேர்த்த ஒரே விதி. தாள் வைத்திருந்த குழுவின் மாணவி ஒருவர், கருவி வைத்திருந்தோரிடம் சென்று, "கத்தரிக்கோலைக் கடன் கொடுங்கள்" என்றார். அவர்களும் கொடுத்தனர். கால்மணி நேரம் கழித்து வந்து, வெட்டிய வடிவங்களில் பாதியைக் கேட்டனர். "கத்தரிக்கோலைத்தான் திருப்பித் தந்துவிட்டோமே" என்றார் மாணவி. "கடன் என்றால் வட்டி இல்லையா?" என்றனர் அவர்கள். பூசல் மூண்டது. தலையிட எழுந்த ஆசிரியரைச் சற்றுப் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டோம்.

இருதரப்பாரும் பொய் கூறவில்லை. உடன்பாட்டுக்கு வேண்டிய சொல் அவர்களிடம் இல்லை, அவ்வளவே. பூசல் தணிந்தபின் கரும்பலகையில் ஐந்து சொற்களை எழுதினோம். வாங்கியதைச் செலவழித்து, அதே அளவு வேறொன்றைத் திருப்பித் தருவது கடன். பணமும் அரிசியும் அவ்வாறே. வாங்கிய பொருளையே கட்டணமின்றித் திருப்பித் தருவது இரவல். பயன்படுத்தும் காலத்திற்குப் பணம் தருவது வாடகை. விளைந்தாலும் பொய்த்தாலும் பேசிய தொகையைத் தருவது குத்தகை. விளைச்சலில் பங்கு தருவது வாரம்.

கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குத்தகையில் இழப்பு முழுவதும் உழுபவரைச் சேரும். வாரத்தில் நிலம் உடையவரும் அதில் பங்கேற்பார். இடர் யாரைச் சேரும் என்னும் பொருளியல் வினாவுக்கு நம் உழவர்கள் இரு சொற்களில் விடை வைத்திருந்தனர். அடுத்த சுற்றில் அம்மாணவி, "கத்தரிக்கோலை வாரத்திற்குத் தருவீர்களா?" என்று கேட்டார். எதிர்க்குழு விடை கூறுமுன் தமக்குள் நெடுநேரம் ஆராய்ந்தது.

அவர்கள் ஆராய்ந்ததற்குக் காரணம் உண்டு. விளையாட்டின் நடுவில் வங்கி வட்டத்தின் விலையைத் திடீரெனக் குறைக்கும். அது வெறும் விளையாட்டன்று. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தது. அவ்விலையை முடிவு செய்த சந்தைகள் மலாயாவிற்கு வெளியே இருந்தன. பால் மரம் சீவியவரோ தோட்டத்தில் இருந்தார். பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தம் வட்டங்கள் விலைபோகாமல் நிற்கும் மாணவருக்கு இவ்வரலாற்றை அப்போது சொன்னால் அது நெஞ்சில் தைக்கும்.

1817இல் டேவிட் ரிக்கார்டோ, இங்கிலாந்து துணியையும் போர்ச்சுகல் திராட்சை மதுவையும் செய்து மாற்றிக்கொண்டால் இரு நாடுகளுக்கும் ஆதாயம் என்று காட்டினார். துணி, மது இரண்டையுமே போர்ச்சுகல் குறைந்த உழைப்பில் செய்ய வல்லது என்று கொண்டபோதும் இது பொருந்தும் என்பதே அவர் கோட்பாட்டின் வியப்பு. ஆயினும் அந்த ஆதாயத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை அக்கோட்பாடு மட்டும் முடிவு செய்வதில்லை. அது பேரத்தில் முடிவாகிறது. பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இவ்வுண்மையை, கத்தரிக்கோல் இல்லாத குழு பத்து நிமிடங்களில் உணர்ந்துவிடுகிறது.

இவ்வட்டாரத்தில் தமிழும் ஒரு காலத்தில் பேர மொழியாக இருந்தது. மலாய் மொழியின் 'கெடாய்', 'காப்பால்', 'மோடால்' ஆகியவை நம் கடை, கப்பல், முதல் என்னும் சொற்களிலிருந்து சென்றவை. கடல் கடந்து பிறமொழிக்கு முதலீட்டுச் சொல்லைக் கொடுத்த மொழியில், இரவலுக்கும் வாடகைக்கும் வேறுபாடு தெரியாமல் நம் பிள்ளைகள் திகைக்கின்றனர். குறை அவர்களுடையதன்று. தமிழில் கேட்டுப் பெறவும் மறுக்கவும் இணங்கவும் வேண்டிய தேவையை நாம் அவர்களுக்கு உண்டாக்கவில்லை. தேர்வுத்தாளில் மட்டும் வாழும் மொழி இத்தகைய சொற்களையே முதலில் இழக்கும்.

ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். சொற்பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். பூசல் எழுந்தபின் கொடுங்கள். அப்போதுதான் சொல்லின் அருமை விளங்கும். இரண்டாவதாக, ஒவ்வோர் உடன்பாட்டையும் இரண்டு வரியில் தமிழில் எழுதி இருதரப்பும் ஒப்பமிடச் செய்யுங்கள். மூன்றாவதாக, விளையாடும் நேரத்திற்குக் குறையாத நேரத்தைப் பின்னுரையாடலுக்கு ஒதுக்குங்கள். அதில் வென்ற குழுவை முதலில் பேசவிடாதீர்கள். தாள் மட்டும் வைத்திருந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். தொடக்கத்திலேயே உறைகள் சமமாக இல்லை என்று அவர்கள் சினத்துடன் சொல்வார்கள். அந்தச் சினத்தை அவர்கள் தமிழில் சொல்லக் கேட்டால், பாடம் நடந்தேறியது என்று கொள்ளலாம்.