படகில் ஐஸ் நிற்க வேண்டுமானால்

(மீனவர் குடும்பங்களுக்கான நம் டிரஸ்ட் கூட்டத்தில் பேசியது)

 

படகில் ஃபிரிட்ஜ் வைக்கலாமா என்று தம்பிமார்கள் கேட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 30 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 25 போதும். அப்படியானால் ஒரு கிலோ ஐஸ் மூன்று கிலோ மீனுக்குக் காண வேண்டும். நாமோ மீனுக்குச் சரிக்குச் சரி ஏற்றுகிறோம், அப்படியும் பற்றவில்லை. மிச்ச ஐஸ் பெட்டிச் சுவர் வழியாக வரும் வெயிலுக்கே கரைகிறது.

ஆகவே முதல் செலவு சுவருக்கு. ஃபைபர் பெட்டிக்குள் அடைக்கும் பஃப் நுரை, அதே கனமுள்ள பலகையைவிட நாலைந்து மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் விரிசல் வழியே நுரைக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் அந்தப் பலன் போயிற்று. மூடி சரியாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

காஸில் ஓடும் ஃபிரிட்ஜ் நம் படகுக்கு வேண்டாம். அது சமமாக நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அலையில் ஆடும் படகில் நிற்காது. பெட்ரோல் எஞ்சினுக்குப் பக்கத்தில் எரியும் நெருப்பு வேறு!

குளிர்த்தகடு அப்படியல்ல. மூடிய தகட்டுக்குள் உப்புக்கரைசல் இருக்கும். இரவில் கரையிலேயே ஃப்ரீசரில் உறையவைத்து, விடியலில் பெட்டியின் சுவரோரம் மாட்டிவிடலாம். கடலில் மின்சாரம் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: சமையல் உப்பின் செறிந்த கரைசல் முழுக்க உறைய மைனஸ் 21 டிகிரி வேண்டும், வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18தான். பொட்டாசியம் குளோரைடு கரைசல் மைனஸ் 11க்குள் உறைந்துவிடும், அதைக் கேட்டு வாங்குங்கள். மீன்மேல் தகடு நேராகப் படக்கூடாது, தோல் உறைந்து கெடும்.

தகடு வாங்க வசதியில்லையா? சுத்தமான கடல்நீரில் நொறுக்கிய ஐஸைக் கலந்து மீனை அமிழ்த்துங்கள். நாலு பக்கமும் குளிர் தொடுவதால் சீக்கிரம் குளிரும், நசுங்காது.

சூரை, காணாங்கெளுத்தி பிடிப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் ஊறும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் வரும். ஏலத்தில் போகாத மீனை வீட்டில் ஆக்கும் தாய்மார்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரே படகில் பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் சம ஐஸோடு ஏற்றுங்கள். கரை திரும்பியதும் இரண்டிலும் மிஞ்சியதை நிறுத்துப் பார்த்து, அந்தக் கணக்கோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.