பொலிஸ் கூட்டிப்போனால் நாம் செய்ய வேண்டியது
(பதுளை மாவட்டத் தோட்டத் தலைவர்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது பதுளையிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவர் ராஜகுமாரி. மூன்று பிள்ளைகளின் தாய். நகை களவுபோனதாக வந்த முறைப்பாட்டில், 2023 மே மாதம் வெலிக்கடை பொலிஸார் அவரைக் கைதுசெய்தனர். பொலிஸ் காவலிலேயே இறந்தார். நீதவான் ஒரு வார்த்தை கேட்கும் முன்பே உயிர் போய்விட்டது.

"பொலிஸ் என்றால் ரெண்டு அடி விழத்தானே செய்யும்" என்று நம் லயத்திலும் பேசுகிறோம். அதை நிறுத்துவோம். எவரையும் சித்திரவதை செய்யக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை. களவெடுத்தவரையும்தான். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி அதற்குக் குறைந்தது 7 வருடச் சிறை.

ஆனால் சட்டம் தானாக நடக்காது. 2000 ஒக்டோபரில், பண்டாரவளை பிந்துனுவெவ முகாமில் பொலிஸார் காவலிருக்கவே இருபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு நடந்தது, 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு எவரது தண்டனையும் நிலைக்கவில்லை.

ஆகவே முதல் நாளே அசைய வேண்டும். எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணி, யார் கூட்டிப்போனார் என்று எழுதிக்கொள்வோம். சாதாரண வழக்கில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அடிபட்டிருந்தால், அடித்தது யாரென்று வைத்தியரிடம் சொல்லிப் பதியவைப்போம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. அடிப்படை உரிமை மனுவுக்குத் தவணை ஒரு மாதம் மட்டுமே.

இன்னொன்று. வெளியூரில் வேலைக்கு நிற்கும் நம் பிள்ளைகளின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் ஒவ்வொரு தோட்டத் தலைவரின் கொப்பியிலும் இருக்கட்டும். தேடி வர ஆள் உண்டென்று தெரிந்தால், ஓங்கிய கை கொஞ்சம் யோசிக்கும்.