கடற்குதிரை அசையாமல் நின்றால் அது நோயா?

தங்கமீன், கப்பி என்று வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் கடற்குதிரை மீது ஆசை வந்துவிடுகிறது. தொட்டி வாங்குகிறார்கள், கடல் உப்பு வாங்குகிறார்கள், ஒரு ஜோடியைக் கொண்டுவந்து விடுகிறார்கள். இரண்டாம் நாளே கவலை தொடங்கிவிடும். "நீந்தவே மாட்டேன் என்கிறது, ஒரே குச்சியைப் பிடித்துக்கொண்டு அரை நாளாக நிற்கிறது, ஏதும் நோயாக இருக்குமோ?" என்பதுதான் அந்தக் கவலை.

தங்கமீன் அப்படி நின்றால் கவலைப்பட வேண்டியதுதான். கடற்குதிரைக்கோ அது இயல்பு. மீன் இனத்தைச் சேர்ந்தது என்றாலும் அதற்கு வால் துடுப்பு கிடையாது. முதுகிலுள்ள சின்னத் துடுப்பை வினாடிக்கு 35 முறை வரை அடித்துத்தான் அது நகர வேண்டும். ஆகவே கடற்புல்லை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இரை அருகில் வரும்வரை காத்திருக்கிறது. அசையாமல் நிற்கும்போது அதன் கண்களைக் கவனியுங்கள். இரண்டும் தனித்தனியாகச் சுழன்று இரை தேடிக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? முதலில் சாப்பாட்டுக்கு. கடற்குதிரைக்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. குழல் போன்ற வாயால் இரையை உறிஞ்சி விழுங்குகிறது. அது அரைகுறையாகச் செரித்து வேகமாக வெளியேறிவிடும். அதனால்தான் நாளைக்கு இரண்டு மூன்று வேளை உணவு போட வேண்டியிருக்கிறது. மற்ற மீன்கள் சில நாள் பட்டினி கிடந்தாலும் தாங்கும். கடற்குதிரைக்கு அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு நாள் முழுதும் உணவைத் தொடாவிட்டால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப் போடக் கூடாது.

உணவை உறிஞ்சும்போது 'டக்' என்று ஒரு சிறு ஓசை வரும். தொட்டியருகே காதை வைத்தால் கேட்கலாம். அந்த ஓசை திரும்பத் திரும்பக் கேட்டும் இரை உள்ளே போகவில்லை என்றால், குழல் வாயில் கோளாறு இருக்கலாம். வாய் வெளுத்தோ, சிவந்தோ, வீங்கியோ, நுனி அரித்தது போலவோ தெரிந்தால் நோய்த்தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். வாய் அடைபட்டால் பிறகு உணவுக்கு வழியே இல்லை.

அடுத்து மூச்சு. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டால் முதலில் நீரைச் சோதியுங்கள். அம்மோனியா கொஞ்சமும் இருக்கக் கூடாது. நீர் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால், அடிக்கடி கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்தால், வாலால் தலையைச் சொறிந்துகொண்டால், செவுளில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கடற்குதிரை இனத்தில் கர்ப்பம் தரிப்பது ஆண். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் வைத்துவிடும். இரண்டு முதல் நான்கு வாரம் அவர்தான் சுமக்கிறார். பிரசவ நேரத்தில் மூச்சு வாங்கும், உடம்பு முன்னும் பின்னும் மடங்கும், உணவில் நாட்டம் இருக்காது. பார்ப்பவர் நோய் என்று பதறி வேறு தொட்டிக்கு மாற்றி, மருந்தையும் ஊற்றிவிட்டால் தேவையில்லாத தொல்லை. பை உருண்டு திரண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதே பை சில நேரம் உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. ஆண் கடற்குதிரை தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதந்து, கீழே இறங்க முடியாமல் தவித்தால் அது விளையாட்டு அல்ல. பைக்குள் வாயு சேர்ந்துவிட்டது. உள்ளே தங்கிப்போன கருக்கள் அழுகுவது அதற்கு ஒரு காரணம். வாலின் தோலுக்கடியிலும் கொப்புளம் போல வாயு சேர்வதுண்டு. ஊசியால் குத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அசெட்டசோலமைடு என்ற மருந்து இதற்குப் பயன்படுகிறது. மனிதரின் கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கப்படும் அதே மருந்துதான். அளவை விலங்கு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மீன் பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கடற்குதிரை வாங்குமுன்னே அப்படி ஒருவரை விசாரித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இத்தனை தொல்லைக்கும் நம் வீடுகளில் பெரும்பாலும் துணைபோவது வெப்பம். அனுபவசாலிகள் வெப்பமண்டலக் கடற்குதிரையைக்கூட 22 முதல் 24 பாகை செல்சியசில் வைக்கச் சொல்கிறார்கள். நம் வரவேற்பறைத் தொட்டியின் நீரோ 28, 30 என்று நிற்கும். "கடலில் அந்தச் சூட்டில்தானே வாழ்கிறது?" என்று கேட்கலாம். கடலில் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாலடித் தொட்டியில் மிச்ச உணவும் கழிவும் அங்கேயே கிடக்க, சூடு ஏற ஏற விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் பெருகிவிடுகின்றன. நீரைக் குளிர்விக்கும் சில்லர் விலை அதிகம்தான். அதற்கு வசதியில்லை என்றால் கடற்குதிரை ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

விசித்திரமாகத் தோன்றும் எல்லாமே ஆபத்து அல்ல. விடிந்ததும் இரண்டும் நிறம் மாறி, வாலைக் கோத்துக்கொண்டு ஒன்றையொன்று சுற்றி வருகிறதா? அது காலை வணக்கம். ஆஸ்திரேலியக் கடலுக்கடியில் கனடிய உயிரியலாளர் அமண்டா வின்சென்ட் இதை நேரில் கவனித்து எழுதியிருக்கிறார். ஜோடி சேரும்போது இரண்டும் நேராக மேலெழும். தொட்டி உயரம் குறைவு என்றால் முட்டைகள் தவறித் தரையில் விழும்.

ஜோகூரின் சுங்கை பூலாய் முகத்துவாரத்துக் கடற்புல் மேடுகள் கடற்குதிரைகளின் தாயகம். அவற்றைக் காக்க ஆய்வாளர்களும் தொண்டர்களும் பாடுபட்டு வந்திருக்கிறார்கள். சீன மருந்துக் கடைகளில் காய்ந்து கிடப்பவற்றையும் பார்த்திருப்பீர்கள். 2004 மே முதல் கடற்குதிரைகளின் உலக வாணிபம் சைட்டஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடலில் பிடித்ததை வாங்கினால் இன்னொரு சங்கடமும் உண்டு. அது உயிருள்ள இறாலை மட்டுமே இரையாக அறியும். உறைந்த இறாலைப் போட்டால் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கும். பண்ணையில் பிறந்தது பெரும்பாலும் உறைந்த மைசிஸ் இறாலுக்குப் பழகியிருக்கும். ஆகவே பணம் கொடுக்குமுன், உங்கள் கண்ணெதிரே உறைந்த இறாலைப் போட்டுக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். 'டக்' ஓசையோடு இரை உள்ளே போனால் வாங்கலாம். "காலையில்தான் சாப்பிட்டது" என்று அவர் சமாளித்தால், மாலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.